தொட்டியில் தொங்கிய சம்பந்தி

சம்பந்தியின் இடது பூட்ஸ் ஓடையில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் அதைத் துரத்திக்கொண்டு கரையோரமாக ஓடினார்.

"விட்டுடாதீங்க! அந்தக் கல்லுல சிக்கும், அங்க புடிங்க!" என்று அக்கரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு மாஸ்டர் கத்தினார்.

மாஸ்டர் சொன்னபடியே பூட்ஸ் கல்லில் சிக்கியது. லிஃப்ட்காரர் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். விரலுக்கும் பூட்ஸுக்கும் நடுவே ஓர் அங்குலம் பாக்கி. அந்த நேரம் பார்த்து அது சாவகாசமாக ஒரு சுற்றுச் சுற்றி, பாறை விளிம்பில் தலைகுப்புறக் கவிழ்ந்து, காணாமல் போனது.

மழை பெய்துகொண்டே இருந்தது. காலை ஆறு மணிக்குப் பிடித்த மழை.

"போச்சு" என்றார் லிஃப்ட்காரர்.

"தெரியுது" என்றார் மாஸ்டர்.

குற்றவாளி யார் என்பதில் இருவருக்குமே சந்தேகம் இல்லை. பூட்ஸ் நனைந்தால் கால் கொப்பளிக்கும் என்று கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடையைக் கடக்கத்தான் மாஸ்டர் நினைத்திருந்தார். "கைவீசி நடங்க சம்பந்தி, அக்கரை போனதும் நான் வீசறேன், சொட்டு ஈரம் படாம வந்து சேரும்" என்று வாங்கிக்கொண்டவர் லிஃப்ட்காரர். வலது பூட்ஸ் மாஸ்டரின் நெஞ்சில் போய்ச் சேர்ந்தது. இடதுதான் இப்படி.

லிஃப்ட்காரர் முப்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நகரத்தில் பாதிக் கட்டடங்கள் அவர் புண்ணியத்தில்தான் ஏறி இறங்குகின்றன. அவரைப் பொறுத்தவரை நடப்பது என்பது வீட்டு வாசலுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் இடையே நேரும் ஒரு சங்கடம். மாஸ்டரோ பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியும் கழுத்தில் விசில் தொங்குகிறது. இந்த இருவரும் கொட்டும் மழையில் ஒரு நெடும்பாதையின் பதின்மூன்றாம் கட்டத்தில் வந்து மாட்டியதற்குக் காரணம், மாஸ்டரின் மகனும் லிஃப்ட்காரரின் மகளும் நான்கு வருடமாக ஒருவரையொருவர் விரும்புவதுதான்.

பெரியவர்கள் மூன்று முறை கூடிப் பேசினார்கள். மூன்று முறையும் பேச்சு முறிந்தது. முதல் முறை கல்யாண மண்டபம் பற்றித் தகராறு. தன் பராமரிப்பில் உள்ள லிஃப்ட், ஐந்தாம் மாடி, காற்றோட்டமான இடம் என்று லிஃப்ட்காரர் ஆரம்பித்தார்.

"லிஃப்ட்டைப் பூட்டிடுங்க. எல்லாரும் ஏறி வரட்டும். அஞ்சு மாடி ஏற முடியாதவன் வாழ்த்துல என்ன தெம்பு இருக்கும்?" என்றார் மாஸ்டர்.

"படிக்கட்டுங்கறது தீப்பிடிச்சா இறங்கறதுக்குங்க" என்றார் லிஃப்ட்காரர்.

அதோடு போயிற்று. இரண்டாம் முறை, காலை ஆறு மணிக்குக் கல்யாணமா பத்து மணிக்கா என்பதில் முறிந்தது. மூன்றாம் முறை, இரண்டாம் முறை முதலில் கத்தியது யார் என்பதில்.

பத்து நாள் முன்பு மகள் வந்து லிஃப்ட்காரரின் நாற்காலிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தினமும் நூறு பேருக்கு ஊசி குத்துகிறவள், கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. அன்று குரல் நடுங்கியது.

"அப்பா, மாமா உங்ககூட ஒரு நாள் பாதையில நடக்கணும்கறார். கூட நடந்தாத்தான் மனுஷன் குணம் தெரியுமாம். நடந்து பாத்துட்டு முடிவு சொல்றாராம்."

"மழைக்காலத்துலயா?"

"அப்பத்தான் குணம் நல்லாத் தெரியுமாம். சண்டை மட்டும் போட்டுடாதீங்கப்பா. இதுதான் கடைசி."

அந்த 'கடைசி'யை நினைத்துக்கொண்டுதான் லிஃப்ட்காரர் இப்போது ஓடையைக் கடந்து வந்து, ஈரக் கல்லில் உட்கார்ந்து தன் இடது பூட்ஸை அவிழ்த்தார். இன்றைக்கு மட்டும் மாஸ்டர் என்ன சொன்னாலும் 'ஆமா'. வானம் பச்சை என்றாலும் 'ஆமா, இளம்பச்சை'.

"என்ன பண்றீங்க?"

"நீங்க இதைப் போட்டுக்குங்க சம்பந்தி."

"உங்களுக்கு?"

"நான் லிஃப்ட் குழியில வெறுங்காலோட நின்ன ஆளுங்க. எனக்கென்ன."

மாஸ்டரின் கால் ஏழாம் நம்பர். லிஃப்ட்காரரின் பூட்ஸ் பத்தாம் நம்பர். போட்டுக்கொண்டு மாஸ்டர் நான்கு எட்டு வைத்தார். பூட்ஸ் மூன்று எட்டுதான் வைத்தது.

"உள்ள ஏதாவது அடைக்கணும்" என்றார் மாஸ்டர்.

பையில் இருந்த எல்லாமே நனைந்திருந்தது. காய்ந்த வஸ்து ஒன்றே ஒன்று. லிஃப்ட்காரர் கழுத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், பாதையின் வரைபடம்.

"வழி பூரா மஞ்சள் அம்பு போட்டிருக்கானே. மேப் எதுக்கு?" என்று அதை உறையிலிருந்து உருவி, நான்காக மடித்துக் குதிகாலில் திணித்தார் லிஃப்ட்காரர். தன் இடது காலுக்கு ரொட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் பையை மாட்டி, கணுக்காலில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். சரக், சரக் என்று புறப்பட்டார்கள்.

மஞ்சள் அம்பு அரை மணி நேரம் கூட வந்தது. பிறகு பாசி மூடிய ஒரு பாறையோடு நின்றுவிட்டது. அங்கே வழி இரண்டாகப் பிரிந்தது.

"மேப்பை எடுங்க."

"நீங்கதான் போட்டிருக்கீங்க சம்பந்தி."

மாஸ்டர் பூட்ஸைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினார். ஒரு கவளம் கூழ் விழுந்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"இதுல நாம எங்க இருக்கோம்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"குதிகால் பக்கமா இருக்கும்."

மாஸ்டர் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தார், மூக்கை உயர்த்திக் காற்றை மோந்தார். "இடது" என்று தீர்ப்புச் சொன்னார்.

வலது பக்கம் பத்தடி தள்ளி, ஒரு மரத்தில் பாதி உரிந்த மஞ்சள் வர்ணம் லிஃப்ட்காரர் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. வாயைத் திறந்தார். மகளின் குரல் ஞாபகம் வந்தது.

"ஆமா சம்பந்தி. இடதேதான்."

இடது வழி முக்கால் மணி நேரம் ஏறியது. ஏறி, துருப்பிடித்த ஒரு தண்ணீர்த் தொட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. அதற்கப்புறம் வழி இல்லை. தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, அவர்களைப் போலவே.

"மரத்துல மஞ்சள் இருந்துச்சு, பாத்தேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் லிஃப்ட்காரர்.

மாஸ்டர் மெல்லத் திரும்பினார். "பாத்தீங்களா? பாத்துட்டு ஏன் சொல்லலை?"

"நீங்க இடதுன்னீங்களே."

"நான் தப்பாச் சொன்னா, தப்புன்னு சொல்ல வாயில்லையா உங்களுக்கு?"

"வாய் இருந்ததாலதாங்க மூணு தடவை கல்யாணம் நின்னுச்சு."

மாஸ்டர் விசிலை வாயில் வைத்து, ஊதாமல் எடுத்துவிட்டு, வந்த வழியே இறங்கத் தொடங்கினார். இப்போது பூட்ஸுக்குள் கூழும் இல்லை. பத்தாம் நம்பருக்குள் ஏழாம் நம்பர் தன் இஷ்டத்துக்கு உலாவியது. சரியான வழிக்குத் திரும்பி, நெடுநேரம் நடந்து, கடைசி ஏற்றத்தின் அடிவாரத்துக்கு வந்தபோது பூட்ஸ் ஒரு பக்கம் திரும்பியது, கணுக்கால் மறு பக்கம் திரும்பியது.

மாஸ்டர் சேற்றில் உட்கார்ந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"சுளுக்குதான். ரெண்டு நிமிஷம்" என்றார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

மலைவிடுதி மேலே இருந்தது. இரண்டு கிலோமீட்டர், படிப்படியாக ஏற்றம். செல்போன்கள் காலையிலிருந்தே ஊமை. லிஃப்ட்காரர் மாஸ்டரைத் தூக்கிப் பார்த்தார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் அதைப் பார்த்தார்.

பாதை ஓரத்தில் ஒரு தகரக் கூரை. அடியில் ஆளுயரச் சக்கரம். அதிலிருந்து இரும்புக் கயிறு கிளம்பிப் பள்ளத்தாக்கைத் தாண்டி மேகத்துக்குள் ஏறியது. கயிற்றில் ஒரு தகரத் தொட்டி. விடுதிக்குச் சாமான் ஏற்றுகிற தொட்டி. காலையிலிருந்து கல்லும் சேறுமாகப் பார்த்த கண்ணுக்கு முதன்முதலாக ஒரு மெஷின். லிஃப்ட்காரருக்கு ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

"ஏறுங்க சம்பந்தி."

"'சரக்கு மட்டும். ஆட்கள் ஏறக் கூடாது'ன்னு போட்டிருக்கு."

"அதை விடுங்க. எத்தனை கிலோ தாங்கும்னு போட்டிருக்கு?"

"நூத்தி இருபது."

"நீங்க?"

"அறுபத்தொண்ணு."

"உள்ள ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, நாப்பது. ஆக நூத்தி ஒண்ணு. இன்னும் ஒரு சின்னப் பையனை ஏத்தலாம்."

"நான் வாழ்க்கையில லிஃப்ட்ல கால் வெச்சதில்லை. கொள்கை."

"இது லிஃப்ட் இல்லீங்க, தொட்டி. கொள்கைக்குள்ள வராது."

வலி கொள்கையை வென்றது. மாஸ்டர் உருளைக்கிழங்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். 'இரண்டு முறை மணி அடித்தால் மேலே இழுக்கப்படும்' என்று பலகையில் எழுதியிருந்தது. லிஃப்ட்காரர் மணிக்கயிற்றைப் பிடித்து இரண்டு முறை இழுத்தார். மேலே எங்கோ மோட்டார் உறுமியது. தொட்டி ஆடி அசைந்து கிளம்பியது.

"சொன்னேன்ல!" என்றார் லிஃப்ட்காரர். காலையிலிருந்து முதல் முறையாக மாஸ்டர் கையசைத்தார். லேசாகச் சிரித்தது போலக்கூட இருந்தது. மகள் கல்யாணம் கண்ணெதிரே நடக்கிற மாதிரி இருந்தது லிஃப்ட்காரருக்கு.

அதோடு விட்டிருக்கலாம்.

சக்கரம் கீச்சிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'கீச்'. வேறு யாராக இருந்தாலும் காதைப் பொத்திக்கொண்டு மலை ஏறப் போயிருப்பார்கள். லிஃப்ட்காரர் குனிந்து பார்த்தார். ஒரு நட்டு தளர்ந்திருந்தது. பையில் ஸ்பானர் இருந்தது. மனைவி இரண்டு முறை எடுத்து வெளியே வைத்ததை இரண்டு முறையும் உள்ளே திணித்துக்கொண்டு வந்திருந்தார்.

லிஃப்ட் வேலையில் ஒரு சட்டம் உண்டு. மெஷினில் கை வைக்குமுன் மெயின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் விஷயம் தெரியாத எவனாவது சுவிட்சைத் தட்டிவிடுவான், விரல் போய்விடும். வேலையில் சேர்ந்த முதல் நாள் படித்த பாடம். அதனால்தான் லிஃப்ட்காரருக்கு இன்றைக்கும் பத்து விரல்.

இங்கே ஃபியூஸ் இல்லை. சக்கரத்தின் பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் ஓர் இரும்பு ஆணி செருகியிருந்தது. அது இருந்தால் சக்கரம் சுழலும், உருவினால் பூட்டிக்கொள்ளும். கை அதுபாட்டுக்கு உருவியது, அதுபாட்டுக்குச் சட்டைப்பையில் போட்டது. சக்கரம் நின்றது. நட்டை முடுக்கினார். அரை நிமிட வேலை. திருப்தியாக நிமிர்ந்தார்.

பள்ளத்தாக்கின் நட்டநடுவே, மழையில், சம்பந்தி தொங்கிக்கொண்டிருந்தார்.

"என்னாச்சூ?" என்று குரல் வந்தது.

லிஃப்ட்காரரின் முப்பது வருட வாய் தானாகத் திறந்தது. "பதறாதீங்க சார்! உள்ளேயே இருங்க! கதவைத் திறக்க முயற்சி பண்ணாதீங்க! ஆள் வந்துட்டிருக்கார்!"

"எந்தக் கதவு? எந்த ஆள்?"

"நான்தான்!"

மணிக்கயிற்றை இரண்டு முறை இழுத்தார். மேலே மோட்டார் முனகியது. இரும்புக் கயிறு விறைத்தது. தொட்டி நகரவில்லை. மறுபடி இழுத்தார். மோட்டார் மறுபடி முனகி அடங்கியது. சம்பந்தி தொங்குகிற பதற்றத்தில், சட்டைப்பை என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. 'மேல மோட்டார்ல கோளாறு' என்று நிபுணராக முடிவு கட்டி, ஏறத் தொடங்கினார்.

ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் ரொட்டிப் பை. பின்னாலேயே விசில் வந்தது. நிமிடத்துக்கு ஒரு தடவை, ஓட்டப்பந்தயத்துக்கு ஊதுகிற மாதிரி. ஒவ்வொரு ஊதலுக்கும் லிஃப்ட்காரர் பள்ளிக்கூடப் பிள்ளையாகப் பயந்து நாலு படி கூடுதலாக ஏறினார்.

விடுதியை நடத்துகிற அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். "வாங்க வாங்க. நீங்க நடக்க வந்த அப்பாக்கள்ல ஒருத்தர்தானே? உங்களுக்கு ஒரு..."

"அம்மா, அப்புறம்! தொட்டி நடுவுல நின்னுடுச்சு. உங்க மோட்டார் கோளாறு!"

"மோட்டார் போன வாரம் மாட்டினது. கீழ சக்கரத்துல ஆணி இருக்கா பாத்தீங்களா? இவ்வளவு பெருசு?"

அவள் விரலால் காட்டிய அளவைப் பார்த்ததும் லிஃப்ட்காரரின் கை மெதுவாகச் சட்டைப்பைக்குப் போனது. போனது, அங்கேயே நின்றது.

"போகட்டும், உருளைக்கிழங்கு நனைஞ்சா ஒண்ணும் ஆகாது" என்றாள் அம்மாள்.

"உருளைக்கிழங்குகூட என் சம்பந்தி இருக்கார்மா."

அம்மாள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஆளையா ஏத்துனீங்க? போர்டு படிக்கலையா?"

"கிலோ மட்டும் படிச்சேன்."

லிஃப்ட்காரர் இறங்கி ஓடினார். தொட்டிக்கு நேராக வந்தபோது மேலிருந்து குரல்.

"ஆள் கெடைச்சாரா?"

"கெடைச்சாச்சு சம்பந்தி!"

"அப்ப நீங்க ஏன் கீழ போறீங்க?"

"ஒரு சின்னச் சாமான் வேணும்!"

"எங்க இருக்கு?"

லிஃப்ட்காரருக்குக் காது கேட்கவில்லை. ஆணியைச் செருகினார், மணி அடித்தார். தொட்டி கிளம்பியது. இப்போது கீச் சத்தம் சுத்தமாக இல்லை. அதைப் பாராட்டத்தான் ஆளில்லை. மூன்றாம் தடவையாக அதே இரண்டு கிலோமீட்டர். ரொட்டிப் பை பாதி வழியில் கிழிந்தது.

விடுதிக்குள் நுழைந்தபோது மணி நாலு. அடுப்புப் பக்கத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். வீங்கின கால் ஸ்டூல் மேல் இருந்தது. அம்மாள் சூப் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"மிஸ்டர்" என்றார் மாஸ்டர்.

சம்பந்தி போய் மிஸ்டர் வந்துவிட்டது. லிஃப்ட்காரர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அந்த ஆணி எங்க இருந்துச்சு?"

லிஃப்ட்காரர் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

"ரெண்டு மணி நேரம்! அந்தரத்துல! உருளைக்கிழங்கைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு! வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தரை நம்பி மெஷின்ல ஏறினேன்!"

"தப்புதாங்க. பழக்க தோஷம். கை தானா..."

"ரெண்டு பேரும் உக்காந்துட்டா, நான் ஒண்ணு சொல்ல..." என்றாள் அம்மாள்.

"இருங்கம்மா!" என்றார்கள் இருவரும்.

"பூட்ஸைத் தொலைச்சீங்க, மேப்பை அடைச்சீங்க, வழி தெரிஞ்சும் வாயை மூடினீங்க, கடைசியில என்னைக் காயப் போட்டீங்க. உங்க வீட்டுல சம்பந்தம் பண்ணா என் பையன் கதி? முடிஞ்சுது. இந்தக் கல்யாணம் நடக்காது."

லிஃப்ட்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். ரொட்டிப் பையின் மிச்சத்தைக் காலிலிருந்து உரித்தார். வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் மகள் பக்கத்தில் வந்து உட்காருவாள். கேட்க மாட்டாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு எழுந்து போய்விடுவாள்.

"என்மேல இருக்கற கோவத்தை என்மேலயே காட்டுங்க மாஸ்டர்" என்றார். "வேணும்னா நான் அந்தத் தொட்டியில ஏறி ரெண்டு மணி நேரம் தொங்கறேன். நீங்க ஆணியை வெச்சுக்குங்க. அவளை மட்டும் ஏமாத்திடாதீங்க. நாலு வருஷமா அவ வேற எதுவுமே கேட்டதில்லைங்க."

மாஸ்டர் சூப் பாத்திரத்தையே பார்த்தார். ஒரு கணம் முகம் இளகியது. பிறகு காலை அசைத்தார், வலித்தது, மறுபடி இறுகியது. "நான் இருக்கறவரைக்கும் நடக்காது!"

"அப்ப என்னத்துக்குய்யா என்னை நடக்கக் கூப்பிட்டீங்க?" லிஃப்ட்காரர் எழுந்துவிட்டார். காலையிலிருந்து அடக்கின எல்லா 'ஆமா'வும் சேர்ந்து வெடித்தது. "நாற்காலியில உக்காந்திருந்தவனைச் சோதிக்கணும்னு மழையில கூப்பிட்டு..."

"நான் கூப்பிட்டேனா? நீங்கதானே கூப்பிட்டீங்க! 'உங்களால இந்த வயசுல நடக்க முடியுதான்னு மாமா பாக்கணும்கறார்'னு என் பையன் வந்து சொன்னான்!"

"நானா? நான் எதுக்குய்யா நடக்கக் கூப்பிடறேன்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெளியே மழை தகரத்தில் தாளம் போட்டது.

விடுதி அம்மாள் கரண்டியை வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, டெலிஃபோனுக்கு அடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து, கல்யாணம் நடக்காதுன்னு கத்தி முடிச்சப்புறம் படிச்சுக் காட்டணும்னு அந்தப் பொண்ணு ஃபோன்ல கேட்டுக்கிச்சு: காலையில பத்தரை மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டாச்சாம், சாட்சி உங்க ரெண்டு வீட்டம்மாவும்."